கொடியிலேயே கனிந்த தர்பூசணி

தர்பூசணியில் தண்ணீரைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை மார்ச் கடைசியில் கூனிமேட்டுக்குக் கூட்டிவர வேண்டும். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே வந்தால், ஓரத்தில் குவியல் குவியலாகப் பழம். உப்பு விளையும் கரைக்குப் பக்கத்து மணலில் இப்படியொரு இனிப்பா! முதல் துண்டிலேயே நான் சொக்கிப்போனேன்.

இந்தப் பழத்தின் பெருமையே, அது கொடியில் மட்டுமே இனிக்கும் என்பதுதான். வாழையைக் காயாகவே வெட்டலாம். அதில் நூற்றுக்கு 20 பங்கு மாவு இருக்கிறது, பழுக்கையில் பெரும்பாலும் சர்க்கரையாகிவிடும். மாங்காயையும் வைக்கோலில் பழுக்க வைக்கலாம். தர்பூசணியிடம் அந்தக் கையிருப்பு கிடையாது. இலை சமைக்கும் சர்க்கரை காம்பு வழியாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அறுத்தால் வரத்து நின்றது. அப்புறம் வீட்டில் ஒரு வாரம் வைத்தாலும் இனிப்பு ஏறாது.

பிஞ்சில் குளுக்கோசும் ஃபிரக்டோசும்தான் இருக்கும். கரும்பிலுள்ள அதே சுக்ரோஸ் கடைசி நாட்களில்தான் சேர்கிறது. பூத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழம் தயாராகும். விலைக்கு ஆசைப்பட்டு நாலு நாள் முந்தி அறுத்தால் அந்தச் சுக்ரோஸ்தான் போச்சு. காத்திருந்து அறுக்கும் விவசாயியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு.

கடைக்கார அக்கா பழத்தைப் புரட்டி அடிப்பக்கத்தைக் காட்டினார். "வெள்ளையா இருந்தா எடுக்காதீங்க தம்பி, மஞ்சளா இருக்கணும்." மண்ணில் படிந்து கிடந்த இடம் அது. தட்டினால் 'கணீர்' என்றால் காய். மந்தமாக ஒலித்தால் பழம். காம்போரச் சுருள் காய்ந்திருப்பது இன்னும் நல்ல அடையாளம், ஆனால் அதை வயலில்தான் பார்க்க முடியும்.

சாற்றின் இனிப்பை பிரிக்ஸ் அளவில் சொல்வார்கள்: 8 இருந்தால் நல்ல பழம், 10 தாண்டினால் அருமை. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தந்த அர்கா மாணிக் ரகம் 12க்கு மேலும் போகும். அதிலும் நடுச்சதைதான் உச்சம், தோலோரம் போகப்போகக் குறையும். அதனால் துண்டு வாங்கும்போது கூச்சப்படாமல் நடுப்பகுதியைக் கேளுங்கள். சர்க்கரை, ஐஸ், எதுவும் வேண்டாம், அப்படியே கடியுங்கள்.