கோப்பும் அடைவும்: கணினித் திரைமுகப்புப் பெயர்கள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

கோயம்புத்தூரில் 2010 ஜூன் 23 முதல் 27 வரை நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் இணைந்து நடந்தது. ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக ஏற்றதும் அவ்வாண்டில்தான். எழுத்துக் குறியேற்றச் சிக்கல் அவ்வாறு தீர்வை நெருங்கியது. பெயர்ச் சிக்கலோ இன்றும் நீடிக்கிறது. திரையில் நாள்தோறும் சொடுக்கும் சிறுபடம் ஒன்றுக்கே சின்னம், படவுரு, பணிக்குறி என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. இத்தகைய பெயர்கள் ஆங்கிலச் சொல்லைப் பெயர்த்தனவா, அச்சொல்லின் உவமையைப் பெயர்த்தனவா, கணினியின் செயலைப் பெயர்த்தனவா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேசை என்னும் உவமை

ஐகான் என்னும் சொல்லைக் கணினித்துறைக்கு உரியதாக்கியவர் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித். 1975இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் அவர் அதனைக் கையாண்டார். அவர் பங்கேற்று உருவாக்கிய செராக்ஸ் ஸ்டார் கணினி 1981இல் வெளிவந்தது. ஆவணம், உறை, இழுப்பறை, அஞ்சல்தட்டு என அமெரிக்க அலுவலக மேசையே அதன் திரையாயிற்று. ஆப்பிளின் லிசாவும் (1983) மக்கின்டாஷும் (1984) குப்பைத்தொட்டியைச் சேர்த்தன. விண்டோஸ் 95 அதனை மறுசுழற்சித் தொட்டி ஆக்கியது. எனவே தமிழாக்குநர்முன் இருந்தது, ஏற்கெனவே ஒருமுறை பெயர்க்கப்பட்ட ஓர் அலுவலகம்.

கோப்பும் அடைவும்

கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது கோப்பு. ஆங்கில ஃபைல் என்பதும் நூலிழையைக் குறிக்கும் இலத்தீன் சொல்வழி, தாள்களை இழையில் கோக்கும் வழக்கத்திலிருந்து வந்ததே. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் அலுவலகத் தமிழில் பரவியிருந்த இச்சொல், கணினிக்கு எளிதில் பொருந்தியதில் வியப்பில்லை. ஆயினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நம் அலுவலகங்களில் கோப்பு என்பது பல தாள்களின் தொகுப்பு. கணினியிலோ தனி ஆவணமும் கோப்பே. தொகுப்பைக் குறிக்க வேறொரு பெயர் தேவைப்பட்டதனால் கோப்புறை, அடைவு என்னும் இரண்டு பெயர்கள் தோன்றின.

இவற்றை மாற்றுச்சொற்களாகக் கருதுவது பொருந்தாது. கோப்புறை திரைப்படத்தின் பெயர். கோப்பைத் தன்னுள் கொண்ட உறையாக அது காட்சிதருகிறது. அடைவு செயலமைப்பின் பெயர். யுனிக்ஸ் போன்ற இயங்குதளங்களில் அது கோப்புகளை உள்ளடக்குவதில்லை. அவற்றின் பெயர்களையும் இருப்பிடச் சுட்டுகளையும் நிரல்படுத்துகிறது. சொல்லடைவு, நூலடைவு ஆகியவற்றில் பழகிய ஆய்வாளர் இதனை உடனே உணர்வர். ஒரே கோப்பு இரண்டு அடைவுகளில் பதிவாவது எவ்வாறு என்பதை உறை உவமை விளக்காது, அடைவு விளக்கும்.

விசைத்தறி தரும் அளவுகோல்

சோமனூர், பல்லடம் வட்டாரங்களில் விசைத்தறி என்னும் சொல் இயல்பாக வழங்குகிறது. தறி, பாவு, ஊடை, நாடா என்பன கைத்தறியில் பழகிய பெயர்கள். இயந்திரம் வந்தபோது தறி நிலைத்தது. விசை என்னும் வேறுபாடு மட்டும் முன்னே சேர்ந்தது. நாடா நீங்கியபோது நாடாயில்லாத் தறி வந்தது. தெரிந்த பொருளைக் கொண்டு தெரியாத செயலைப் பெயரிடும் இம்முறை, அயல்மேசையின் பொருள்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முறையினும் வலிது.

இவ்வளவுகோலால் நோக்கின், மறுசுழற்சித் தொட்டியில் முன்னொட்டு மிகையே. உழவர் வழக்கில் குப்பை வயலுக்குத் திரும்பும் எரு, குப்பைக்குழி அழிவிடமன்று. நீக்கிய கோப்பு மீட்கத்தக்கதாய்த் தங்கியிருப்பதைக் குப்பைத்தொட்டி என்பதே உணர்த்தவல்லது. அவ்வாறே சின்னம் என்பது தேர்தல் வழக்கில் ஒன்றன் அடையாளமாய் நிற்பது. சொடுக்கினால் ஒரு பணி தொடங்கும் என்பதைப் பணிக்குறியே கூறுகிறது.

முடிவுரை

நிலைபெற்ற கோப்பினை மாற்ற வேண்டியதில்லை. பயன்பாட்டு நூல்களில் கோப்புறையும் இயங்குதளப் பாடங்களில் அடைவும் தத்தம் பொருளில் வழங்குதல் தகும். 1960இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கியபோது எழுந்த கலைச்சொல் வினா, இன்று தமிழ்வழியில் கணினி பயில்வோர்முன் மீண்டும் நிற்கிறது. பெயர் பிழைபடின் மாணவர் இழப்பது ஒரு சொல்லை மட்டுமன்று. அச்சொல் தந்திருக்க வேண்டிய விளக்கத்தையும் ஆகும்.