ஏனோக்கின் தையல்: யூத மறைஞானமும் நமது அருளுரைகளும்

கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்ச் சபை ஒன்றில் அறுப்பின் பண்டிகையன்று கேட்ட அருளுரையே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. அருளுரையாளர் யூத மரபுக் கதையொன்றை எடுத்துரைத்தார். ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தில் கடவுளோடு சஞ்சரித்ததாகக் கூறப்படும் ஏனோக்கு செருப்புத் தைப்பவராயிருந்தார். மேல்தோலையும் அடித்தோலையும் குத்தூசியால் இணைத்த ஒவ்வொரு தையலிலும் மேலுலகையும் கீழுலகையும் இணைத்தார் என்பது கதை. ஆகவே நாம் செய்யும் வேலை எதுவாயினும் அதுவே வழிபாடு என்று அருளுரை நிறைவுற்றது.

கேட்டிருந்தோருள் பலர், மறுநாள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லவேண்டியவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தோல்தொழில் சுமத்தப்பட்ட குடும்பத்தாரும் அவர்களுள் இருந்தனர். கதை அழகியதே. ஆயினும் அது முழுமையாகச் சொல்லப்பட்டதா என்னும் வினா எழுகின்றது.

1. கதையின் ஊற்று

இக்கதை இடைக்காலக் கபாலா மரபினரிடையே வழங்கி, ஹசிதிய இயக்கத்தின் வழியாகப் பரவியது. கபாலாவின் தலையாய நூலாகிய ஸோஹார் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் உருவாயிற்று. மனித அறிவுக்கெட்டாத இறைவனை இம்மரபினர் என்ஸோஃப், அதாவது எல்லையற்றவர், என்பர். அவர் தம்மைப் பத்து ஸெஃபிரோத் வழியாக வெளிப்படுத்துகிறார். அவற்றுள் கடைசியானது ஷெகினா, மக்களோடு தங்கும் இறைப்பிரசன்னம். இறையருள் ஒன்றிலிருந்து ஒன்றிற்கு வழிந்து உலகை வந்தடைகின்றது.

இதை விளங்கிக்கொள்ள நம் பள்ளத்தாக்கினருக்கு அரிய உவமை தேவையில்லை. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டபின், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பியது. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயை நிறைப்பதும், மேல்மடை அடைபட்டால் கடைமடை காய்வதும் நாம் அறிந்தவை. மனிதனின் செயல் அம்மடையைத் திறக்கவும் அடைக்கவும் வல்லது என்பதே கபாலாவின் துணிபு. ஆயினும் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. கண்மாய்கள் தனித்தனியானவை, ஸெஃபிரோத்தோ ஒரே கடவுளின் வெளிப்பாடுகள்.

பின்னர் ஸாஃபேத் நகரில் வாழ்ந்த ஈசாக்கு லூரியா (1534–1572) இப்போதனைக்குப் புதிய ஆழம் தந்தார். படைப்பிற்கு இடமளிக்க இறைவன் தம்மை ஒடுக்கிக்கொண்டார். ஒளியைத் தாங்கமாட்டாமல் கலங்கள் உடைந்தன. ஒளிப்பொறிகள் உலகெங்கும் சிதறின. அவற்றை மீட்டுச் சீர்செய்வதே மனிதனின் கடமை என்பது அவருடைய போதனை. 1760இல் மறைந்த பால் ஷேம் தோவின் வழிவந்த ஹசிதியர், உண்பதிலும் உழைப்பதிலும் வாணிபத்திலும் இப்பொறிகளை உயர்த்தலாம் எனக் கற்பித்தனர். ஏனோக்கின் தையலுக்கு உரிய பொருள் இப்பின்னணியில்தான் விளங்கும். சிதறி, அகதியாய் அலையும் ஷெகினாவைக் கடவுளோடு மீண்டும் சேர்க்கும் செயல் அது.

இம்மரபு நமக்கு முற்றிலும் அயலானதும் அன்று. மேற்கு மலைக்கு அப்பால் கொச்சி மட்டாஞ்சேரியில், கபாலா அறிஞரும் எபிரேயக் கவிஞருமான நெகேமியா மோத்தாவின் கல்லறை உள்ளது. அவர் 1615இல் மறைந்தார் என்பர். யூதரேயன்றிப் பிற சமயத்தாரும் அங்கு மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வர். அவருடைய பாடல்கள் கொச்சி யூதரின் வழிபாட்டில் இடம்பெற்றன. அச்சமூகத்தாருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரவேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்தனர். நெகேமியா குகையில் தனித்திருந்த துறவி அல்லர். ஓய்வுநாளையும் நியாயப்பிரமாணத்தையும் காத்து வாழ்ந்த ஒரு சபையின் நடுவே பாடியவர். இது நினைவிற்கொள்ளத்தக்கது.

2. பூபரும் ஷோலமும்

நம் குருமார் ஹசிதியத்தைப் பெரும்பாலும் மார்ட்டின் பூபர் (1878–1965) வழியாகவே அறிந்துள்ளனர். 1923இல் வெளிவந்த 'நானும் நீயும்' என்னும் அவரது நூலை அறியாத இறையியல் மாணவர் அரியர். அன்றாட வாழ்வையே தூய்மைப்படுத்துவது ஹசிதியத்தின் உள்ளக்கிடக்கை எனப் பூபர் கண்டார்; அதற்குச் சான்றாகக் கதைகளைத் தொகுத்தார்.

யூத மறைஞான வரலாற்றை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலம் (1897–1982) 1961இல் இதனைக் கடுமையாக மறுத்தார். பூபர் பிற்காலத்தில் எழுதப்பட்ட கதைகளையே பற்றிக்கொண்டு, இயக்கத்தின் முன்னோர் இயற்றிய போதனை நூல்களைப் புறக்கணித்தார் என்பது முதற் குற்றச்சாட்டு. பொறிகளை உயர்த்துதல் என்பது உலகப்பொருளை உள்ளவாறே ஏற்பதன்று, அதனை ஊடுருவி அதற்கப்பாலுள்ள இறைவனை நாடுவதே என்பது இரண்டாவது. மரபை வரலாறாக ஆராய்வது ஒரு வழி, அதன் உயிராற்றலை இன்றைய தலைமுறைக்கு உணர்த்துவது மற்றொரு வழி, தாம் பின்பற்றியது பின்னதே எனப் பூபர் விடையிறுத்தார்.

வரலாற்றளவில் ஷோலமின் பக்கமே வலுவானது. ஆயினும் நம் அருளுரைகளைப் பொறுத்தவரை இருவருக்கும் அப்பாற்பட்ட குறையொன்று உண்டு. பூபர் நியாயப்பிரமாணத்தை எல்லாரையும் கட்டுப்படுத்தும் கட்டளையாகக் கொள்ளவில்லை. அவருடைய நண்பர் பிரான்ஸ் ரோசன்ஸ்வைக் 1923இலேயே இதுபற்றி அவரோடு வழக்காடினார். ஹசிதியரோ அந்தப் பிரமாணத்திற்குள் வாழ்ந்தவர்கள். கட்டளையிலிருந்து பிரித்தெடுத்த கதையை நாம் பெற்றோம். பெற்றதை மேலும் சுருக்கி, அருளுரைக்கு அணியாக்கினோம்.

3. விடுபட்ட பாதி

இதே கதைக்கு 19ஆம் நூற்றாண்டில் மற்றோர் உரை தோன்றிற்று. யூத அறநெறி இயக்கத்தை நிறுவிய இஸ்ரவேல் சலந்தர் (மறைவு 1883), தைக்கும்பொழுது ஏனோக்கு மேலுலக இரகசியங்களைச் சிந்தித்திருக்க இயலாது, சிந்தித்திருந்தால் வேலை கெட்டிருக்கும் என்றார். ஒவ்வொரு தையலும் உறுதியாக அமையவேண்டும், வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பதே அவருடைய எண்ணமாயிருந்தது. உலகங்களை இணைத்தது அந்த நேர்மையே என்பது சலந்தரின் விளக்கம்.

நாம் இன்னும் ஓர் அடி எடுத்துவைக்கலாம். ஏனோக்கு வாங்குபவருக்குக் கடன்பட்டிருந்தால், வாங்குபவர் ஏனோக்குக்குக் கடன்படவில்லையா? கூலிக்காரன் கூலியை இரவு முழுதும் வைத்திருத்தலாகாது என்னும் லேவியராகமம் 19:13 கபாலா அறிஞரையும் கட்டுப்படுத்திய கட்டளை. தோல் தைப்பது வழிபாடெனில், அதைத் தைப்பவரைத் தீண்டத்தகாதவராக்கிய சமூகம் எதன் முன் மண்டியிடுகின்றது?

ஓய்வுநாளைப் பற்றியும் இவ்வாறே சிந்திக்கவேண்டும். 16ஆம் நூற்றாண்டில் ஸாஃபேத் மறைஞானியர் வெள்ளிக்கிழமை மாலையில் வயல்வெளிக்குச் சென்று ஓய்வுநாளை மணமகளாக எதிர்கொண்டனர். அவர்களுடைய ஆன்மீக வாழ்வின் சிகரம் வேலையன்று, வேலை நின்றுபோகும் நாளே. உபாகமம் 5:14, 15 வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப்போல இளைப்பாற வேண்டும் என்கிறது. எகிப்தின் அடிமைத்தனத்தை அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. தினக்கூலிக்கு ஏலக்காய் எடுக்கச் செல்லும் தாய்க்கு ஓய்வுநாள் என்பது கூலியற்ற நாள். அவரிடம் வேலையே வழிபாடு எனக் கூறி, ஓய்வைப்பற்றி வாய்திறவாதிருப்பது யூத மறைஞானமும் அன்று, நற்செய்தியும் அன்று.

அருளுரையாளர் கூறியதில் உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. இழிந்ததென ஊரார் ஒதுக்கிய தொழிலைச் செய்பவர், தமது ஊசிமுனையில் வானமும் பூமியும் சந்திக்கின்றன எனக் கேட்பது விடுதலைச் செய்தியே. அச்செய்தி அவரை நிமிரச் செய்யவேண்டும். இருக்கும் இடத்திலேயே அமர்த்திவைக்கப் பயன்படக்கூடாது.

4. குருமாருக்கு ஒரு வேண்டுகோள்

கபாலா கூறும் இறைப்பற்று தேவேகூத் எனப்படும். உபாகமம் 11:22இலும் ஆதியாகமம் 2:24இலும் வரும் பற்றிக்கொள்ளுதல் என்னும் வினையிலிருந்தே இச்சொல் பிறந்தது. இதனை நம் நாட்டின் இரண்டறக் கலத்தலோடு விரைந்து சமன்செய்தல் தகாது. யூத மறைஞானியர் பெரும்பாலும் படைத்தவருக்கும் படைப்பிற்கும் இடைப்பட்ட எல்லையைக் காத்தனர் என்பது ஷோலமின் முடிவு. மோஷே ஈடேல் 1988இல் அதனை மறுத்து, ஒன்றிப்பைக் கூறும் சான்றுகளைக் காட்டினார். அறிஞரிடையே இன்னும் முடியாத வழக்கை அருளுரைப் பீடத்தில் ஒரு வரியில் முடித்துவிடலாகாது.

ஏனோக்கின் கதையை இனியும் சொல்லுவோம். ஆனால் அதைச் சொல்லும் ஞாயிறன்று, ஆராதனைக்கு வர இயலாமல் மலையேறியவர் எத்தனைபேர் என்பதையும் எண்ணிப்பார்ப்போம். அவர்களின் கூலிக்கும் ஓய்வுக்கும் சபை குரல்கொடுக்கும்பொழுதே, மேல்தோலும் அடித்தோலும் சேரத் தைக்கப்படும்.