ஹார்ட்டில்பூலில் மிதக்கும் திருகோணமலை

பாய்மரக் கப்பல் பைத்தியம் உள்ளவர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது ஹார்ட்டில்பூலுக்குப் போய்விட வேண்டும். திருகோணமலையின் பெயர் தாங்கிய எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் அந்த வடகிழக்குக் கரை ஊரில்தான் இருக்கிறது. வெறுமனே இல்லை, மிதக்கிறது! போர்ட்ஸ்மவுத்தில் இருக்கும் விக்டரி என்ற போர்க்கப்பல் இதைவிட மூத்ததுதான்; ஆனால் அது நிற்பது உலர்துறையில். தண்ணீரில் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மூத்தவள் இவள்தான்.

பிறந்த ஊர் பம்பாய். பார்சி கப்பல் கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா, தங்கள் வழக்கப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி அறைந்து வேலையைத் தொடங்கினார். 1817 அக்டோபரில் கடலில் இறக்கினார்கள். உடம்பெல்லாம் மலபார் தேக்கு. தொட்டுப் பார்த்தேன்; இருநூறு வருஷத்து மரம் என்று சத்தியம் செய்தாலும் கை நம்பாது! வடிவமைப்பின் மூலம், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1782இல் பிடித்த ஹெபே என்ற கப்பல். எதிரியின் கப்பல் அழகாக இருந்தால் நகலெடுக்க ஆங்கிலேயர் கூச்சப்பட்டதே இல்லை.

இவள் ஃபிரிகேட் என்ற வகைப் போர்க்கப்பல்; அதன் சூட்சுமம் உள்ளே நடந்தால்தான் பிடிபடும். பெரிய பீரங்கிகள் முழு நீளத்துக்கும் ஒரே தளத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. அதற்குக் கீழே, கிட்டத்தட்ட நீர்மட்டத்தில் இருக்கும் தளத்தில் பீரங்கியே கிடையாது. மாலுமிகள் தூளி கட்டித் தூங்குமிடம் அது. அதனால் பீரங்கி வாய்கள் தண்ணீருக்கு வெகு உயரத்தில் இருக்கும். பெரிய கப்பல்கள் அலைக்குப் பயந்து கீழ்ச் சன்னல்களை அடைத்துவைக்கும் நாளிலும் இவள் சுடுவாள்! எடையும் குறைவு, ஓட்டமும் அதிகம். என்ன மூளை ஐயா!

ஆனால் இவள் வந்து சேர்ந்தபோது நெப்போலியன் போர் முடிந்திருந்தது. 1819இல் போர்ட்ஸ்மவுத் வந்தவளைப் பாயைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டார்கள். 1845 வாக்கில் 38 பீரங்கிகளை 26ஆகக் குறைத்து, ஆனால் கனமானவையாக மாற்றி, வேறு வகைக் கப்பலாக்கினார்கள். பிறகு கரீபியனில் அடிமை வாணிபத்துக்கு எதிரான ரோந்து. கிரிமியப் போர்க் காலத்தில் பசிபிக். 1897இல் விற்கப்பட்டு, பூட்ராயன் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் இளைஞர்களுக்கான பயிற்சிக் கப்பலாக இருந்தாள். 1987இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, பழைய பெயரையும் திருப்பிக் கொடுத்து, 2001இல் புதுப்பித்து முடித்தார்கள்.

போகிறவர்கள் அரை நாளாவது ஒதுக்குங்கள். முகப்பில் இருக்கும் தலைப்பாகைக்காரர் சிலையை விட்டுவிடாதீர்கள். கீழ்த்தளத்தில் நிமிர்ந்து நடக்காதீர்கள், உத்தரமும் தேக்குதான்.