மலையாளி என்று தேடினால்

ஆய்விதழ்களைத் தொகுத்துத் தரும் எந்தத் தளத்திலும் ரோமன் எழுத்தில் 'மலையாளி' என்று தட்டினால் கேரளம் வந்து குவியும். வளைகுடா வாழ்க்கை, சினிமா, செவிலியர், மலையாள நாவல் எல்லாம் வரும். ஜவ்வாது மலையிலும் கல்வராயனிலும் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் சேர்வராயனிலும் வாழும் பழங்குடியினருக்கும் அரசு ஆவணங்களில் இதே பெயர்தான். 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம். தமிழ் பேசுகிறவர்கள். ஆனாலும் தேடலில் எளிதில் அகப்பட மாட்டார்கள். சரி, கேரளம் என்ற சொல் வரும் கட்டுரைகளைக் கழித்துவிட்டுத் தேடலாம் என்று யாருக்கும் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. இம்மக்களைப் பற்றி அக்கறையாக எழுதியவர்கள் பலரும் 'இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்லர்' என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார்கள். கழித்தால் நல்ல கட்டுரைகள்தான் முதலில் காணாமல் போகும்.

ஜவ்வாது மலையின் பெயரும் சிக்கல்தான். ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவே 'வி'யா 'டபிள்யூ'வா, 'டி'க்குப் பின் 'எச்' உண்டா இல்லையா, முடிவில் 'ஐ'யா 'யூ'வா? மூன்று ஐயங்களுக்கே எட்டு வடிவங்கள் ஆகிவிடும். எட்டும் ஏதாவது ஒரு காலத்து ஏட்டில் இருக்கும். பிரிட்டிஷார் காலத்து நூல்களில் 'டி'யும் 'ஐ'யும். இன்றைய அரசுப் பலகைகளில் பெரும்பாலும் 'எச்'சும் 'யூ'வும். தமிழிலேயே ஜவ்வாது, ஜவ்வாதி, சவ்வாது என்று எழுதுகிறோம். பட்டியலிட்டவர் எந்த வடிவத்தை எழுதினாரோ அதற்குத்தான் தளம் பதில் சொல்லும். ஆகவே எழுத்துக்கூட்டலை மாற்றினால் மலை மாறுவதில்லை, காலம் மாறுகிறது. 1880களை எட்ட வேண்டுமானால் 1880களின் எழுத்துக்கூட்டல் வேண்டும்.

வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் இன்னொரு பழக்கம் உண்டு. அங்கே தமிழ் நூல்கள் புள்ளியும் கோடும் இட்ட ரோமன் எழுத்தில் பதிவாகின்றன. ஜவ்வாது மலையை அடுத்த செங்கம் என்பது 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். 'சி', 'எச்' என்று சேர்த்துத் தட்டினால் நூல் இல்லை என்று வரும். சிகாகோவிலும் விஸ்கான்சினிலும் இவ்வளவு தமிழ் நூல்கள் எப்படிப் போயின என்று வியப்பவர்களுக்கு விடை கோதுமையில் இருக்கிறது. பிஎல் 480 திட்டத்தில் அமெரிக்கா அனுப்பிய தானியத்துக்கு இந்தியா ரூபாயில் கட்டிய தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நூலகங்களுக்காக இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டன. உள்ளூர் நூலகத்தில் இல்லாத சிறு வெளியீடு அட்லாண்டிக்குக்கு அப்பால் பட்டியலில் தென்படுவதற்கு இதுவே காரணம்.

சரியான வடிவத்தைப் போட்டுத் தேடினால் முதலில் கிடைப்பது எட்கர் தர்ஸ்டன். க. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நான்காவதில் மலையாளிகள் பற்றிய பகுதி இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம். காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் கிளம்பி ஆளுக்கொரு மலைக்குப் போன கதை அதில் உண்டு. அதற்குப் பொருந்தாத இன்னொரு கதையும் உண்டு, வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டிலிருந்து எடுத்தது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் எழுவரைக் கவர்ந்து போகிறார்கள். மீட்கச் சென்ற ஏழு ஆண்கள் நாய்களையும் கூட்டிப் போகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் இறந்தோம் என்று கொள்ளுங்கள் என்பது சொல்லிவிட்டுப் போன செய்தி. வெள்ளம் வந்த பாலாற்றால் நாய்கள் மட்டும் வீடு திரும்ப, மனைவியர் கருமாதி முடித்துவிடுகிறார்கள். உயிரோடு வந்தவர்களுக்கு ஊரில் இடமில்லை. வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறுகிறார்கள்.

அருமையான கதைதான். ஆனால் பின்னால் வந்த கட்டுரைகளின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போனால் பெரும்பாலும் இந்தக் கையேட்டிலோ தர்ஸ்டனிலோ போய் நிற்கிறோம். திரையில் இருபது முடிவுகள் வரும், சாட்சி ஒருவர்தான். பதில்களை எண்ணிக் காட்டும் தளம் அவற்றின் பூர்வீகத்தைச் சொல்வதில்லை. அந்த வேலை ஆய்வாளருடையது.

இதே மலையில் காவலூர் என்று தேடினால் நிலைமை தலைகீழ். அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி 1972இல் வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் வளையங்களை வெளிக்காட்டிய உற்றுநோக்கல்களில் காவலூருக்கும் பங்கு உண்டு. 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இவற்றைக் கொண்டு எழுதிய கட்டுரைகளை நாசாவின் ஆதரவில் 1990களின் தொடக்கம் முதல் இயங்கும் வானியல் தரவுத்தளத்தில் யாரும் தேடலாம். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் களஞ்சியத்திலும் பார்க்கலாம். ஜவ்வாது மலையிலிருந்து தெரியும் வானத்தைப் படிக்க ஒரே வாசல் போதும். அந்த மலையில் சாமை விதைப்பவரின் பேச்சையும் சடங்கையும் படிக்க எத்தனை வாசல் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. காசு மட்டும் காரணமல்ல. வானியலார் ஒன்றுகூடி ஒரே பட்டியலை வளர்த்தார்கள். மொழி, பண்பாட்டுத் துறைகளில் ஆளுக்கொரு அலமாரி.

அந்த அலமாரிகளை ஒன்றாகப் பயன்படுத்துவதற்குப் பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் நல்ல சான்று. செங்கண்மா எனப்பட்ட செங்கத்து நன்னனைப் பாடும் இந்நூலில், ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாறு வருகிறது. வழியோரம் நட்ட வீரர் கற்களும் வருகின்றன. மூலத்தை மதுரைத் திட்டத்தில் எடுக்கலாம். கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து 1998 பொங்கலன்று தொடங்கிய இத்திட்டத்தின் பெரிய வசதி, சொல்லைக் கொடுத்துத் தேட முடிவது. பெரிய குறை, பாடவேறுபாடும் உரையும் பல வேளை இல்லாதது. ஆகவே நச்சினார்க்கினியர் உரையோடு உ.வே.சாமிநாதையர் 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டின் படநகலுக்குப் போகவேண்டும். மேற்கோளை இணையப் பாடத்திலிருந்து அப்படியே வெட்டி ஒட்டும் பழக்கம் நம் ஆய்வேடுகளில் பரவிவிட்டது. எனக்கு அது ஒப்பவில்லை.

அடுத்து, இரா. நாகசாமி பதிப்பித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்'. பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்கள் பல; ஆநிரை கவர்ந்த சண்டையில் விழுந்தவர்களுக்கானவை மிகுதி. எடுத்தனூரில் கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. (பாலாற்று நாய்கள் நினைவுக்கு வந்தால் வரட்டும், முடிச்சுப் போட வேண்டாம்.) கல்வெட்டில் 'தொறு' என்று வருவதைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைத் திறந்து பார்க்கலாம்; அதே தளத்தில் பர்ரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் உண்டு. பாட்டு, உரை, கல், அகராதி எல்லாம் ஒரே மாலையில் மேசைக்கு வந்துவிடும். முன்பு இதற்கு எத்தனை ஊர் போயிருக்க வேண்டும்!

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், 1994இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஆகியவற்றைத் தமிழ் வாசகருக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் இவற்றிலும் நூலின் தலைப்பு கிடைக்கும் அளவுக்கு உள்ளே இருக்கும் செய்தி கிடைப்பதில்லை. பழைய மாத இதழில் யாரோ ஜவ்வாது மலைத் திருவிழாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தால், இதழின் பெயரும் மாதமும் தெரிந்தவருக்கே அது அகப்படும். கட்டுரைவாரியான அட்டவணை நம்மிடம் குறைவு. பண வசதியில்லாமலும் செய்யக்கூடிய வேலை இது, பொறுமையுள்ளவர்கள்தான் வேண்டும்.

ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள் ஆய்வேட்டின் மின்படியைக் கட்டாயமாக்கிய பிறகு, காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இக்களஞ்சியத்தில் லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டன. இயல்வாரியாகக் கோப்புகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். 'இயல் மூன்று' என்ற பெயருக்குள் என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். தமிழ் ஆய்வேடுகளுக்குக் கூடுதல் தலைவலி: யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவையும் படமாக வருடியவையும் சொல் தேடலுக்குச் சிக்கா. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றதே 2010இல்தான். தேடி இல்லை என்றால் எழுதப்படவில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

காசு கட்டித் திறக்கும் இதழ்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், முப்பது பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு உரியது. தனியாக ஆராய்பவரும் ஊர் ஆசிரியரும் வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஜேஸ்டோரில் கட்டணமில்லாக் கணக்கும், அங்கேயே இருக்கும் தெற்காசியத் திறந்தநிலை ஆவணத் தொகுப்பும் கைகொடுக்கும். பெரிய வீடும் ஒருநாள் பூட்டிக்கொள்ளும் என்பதற்குப் பிரிட்டிஷ் நூலகம் சாட்சி: 2023 அக்டோபர் இணையத் தாக்குதலில் பட்டியல் உட்பட இணையச் சேவைகள் முடங்கின. கிடைத்தபோதே தரவிறக்கி வைப்பது கஞ்சத்தனமல்ல.

இனி, மலையின் பேச்சு. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வில் தேடினால் வெறுங்கைதான், ஏனெனில் சென்னை மாகாணம் அந்த அளவாய்வுக்குள்ளேயே வரவில்லை. இன்றைய ஆய்விதழ்களில் ஜவ்வாது மலை என்றால் மூலிகைப் பட்டியல்களே முன்னே நிற்கின்றன: தாவரத்தின் லத்தீன் பெயர், குடும்பம், எந்த நோய்க்கு. சொன்னவர் எந்த ஊர்க்காரர், அதை என்ன சொல்லி அழைத்தார், எந்தப் பாட்டில் அது வருகிறது என்பவை அட்டவணையில் அடங்காமல் போயின. ஒலியாகப் பதிவு செய்பவர்களுக்கு இப்போது இடமில்லாமல் இல்லை. லண்டனில் பிறந்து 2021இல் பெர்லினுக்கு இடம்பெயர்ந்த அழிநிலை மொழிகள் ஆவணகம் போன்றவற்றில், யார் கேட்கலாம், எதைப் பூட்டி வைக்கலாம் என்று பதிவுக்குப் பதிவு வரம்பு வைக்க முடியும். மருந்துச் செடியின் இடத்தைச் சொன்ன கிழவி அது உலகத்துக்கே தெரிய வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒலிப்பதிவுக் கருவியோடு போகிறவர் அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டு, விடையை ஊர்ப்பெயரோடும் தேதியோடும் பதிவின் தலையிலேயே எழுதிவைக்க வேண்டும். மலையின் பெயரை எட்டு எழுத்துக்கூட்டலிலும் சேர்த்தே.