வெட்டாத, ஒட்டாத எட்டு இரவுகள்: லெட் செப்பலினுக்கு ஒரு பாக்ஸ் செட்

ராக் இசைக் குழுவான லெட் செப்பலின் 1968 முதல் 1980 வரை மேடையேறியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட நேரலை ஆல்பம் ஒன்றே ஒன்று. 1976இல் வந்த ‘தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்’. அதுவும் 1973 ஜூலையில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மூன்று இரவுகளிலிருந்து துண்டுதுண்டாக எடுத்து ஒட்டியது. அவை குழுவின் மிகச்சிறந்த இரவுகள் அல்ல என்று கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

குழு கலைந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. 1997இல் பிபிசி பதிவுகள் வந்தன. 2003இல் ‘ஹௌ தி வெஸ்ட் வாஸ் வன்’ மூன்று சிடிகளாகவும், கூடவே ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும் டிவிடி தொகுப்பும் வந்தன. 2014இல் முதல் ஆல்பத்தின் மறுபதிப்போடு 1969ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பியா கச்சேரி சேர்ந்தது. எல்லாமே நல்ல வரவுதான். ஆனாலும் இந்தக் குழு மேடையில் எப்படி வளர்ந்தது, எங்கே உச்சம் தொட்டது, எப்போது தளர்ந்தது என்பதை வரிசையாகக் காட்டும் தொகுப்பு இன்றுவரை கிடையாது. ஆண்டுவாரியாக ஒரு நேரலைத் தொகுப்பு கொண்டுவரும் எண்ணம் தனக்கு இருந்ததாகப் பேஜ் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த பாக்ஸ் செட் வந்தால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதே இந்த அலசல்.

எனக்கு நிபந்தனை ஒன்றுதான். ஓர் இரவை எடுத்தால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அந்த இரவையே தர வேண்டும். ‘ஹௌ தி வெஸ்ட் வாஸ் வன்’ அருமையான ஆல்பம். ஆனால் அது 1972 ஜூன் 25ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் கச்சேரியையும், 27ஆம் தேதி லாங் பீச் கச்சேரியையும் கலந்து செய்த ஒட்டு. ஐந்து நாள் டெஸ்ட் போட்டியின் ஹைலைட்ஸைப் பார்த்துவிட்டு ஆட்டத்தைப் பார்த்தேன் என்று யாரும் சொல்வதில்லை. சதம் எடுத்த ஷாட்டுகளுக்கு இடையே தடுத்தாடிய ஓவர்களும் சேர்ந்ததுதான் இன்னிங்ஸ்.

ஒரே பாட்டு, ஆறு ஆண்டுகள்

ஏன் முழு இரவு வேண்டும் என்பதற்கு ‘டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு’ ஒன்றே சாட்சி. 1967இல் ஜேக் ஹோம்ஸ் பாடிய பாட்டு அது. பேஜ் அதை யார்ட்பேர்ட்ஸ் குழுவில் இருந்தபோதே எடுத்துக்கொண்டு, செப்பலினுக்கும் கொண்டுவந்தார். ஹோம்ஸின் பெயர் உறையில் ஏறுவதற்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பது தனி வருத்தம்.

1969இல் வந்த முதல் ஆல்பத்தில் இந்தப் பாட்டு ஆறரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1970 ஜனவரியில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கால் மணி நேரம். 1972 ஜூனில் 25 நிமிடம். 1973இல் நியூயார்க்கில் ஏறக்குறைய 27 நிமிடம். 1975 மேயில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் அரை மணி நேரத்தைத் தாண்டியது.

நீளம் மட்டும் கூடியிருந்தால் அதில் பெருமை ஒன்றுமில்லை. கூர்ந்து கேட்டால் உள்ளே நடப்பது தெரியும். ஜான் பால் ஜோன்ஸின் பேஸ் கிட்டார் கீழிறங்கும் அந்த நான்கைந்து ஸ்வரங்களோடு தொடங்கும். நடுவில் பேஜ் வயலின் வில்லை எடுத்துக் கிட்டார் தந்திகளில் இழுப்பார், அடிப்பார். எதிரொலிக் கருவி அதைத் திருப்பி அனுப்பும். அப்போது டிரம்ஸ் அடங்கியிருக்கும். பிறகு ஜான் பான்ஹம் உள்ளே வந்ததும் வேகம் பிடிக்கும். ராபர்ட் பிளான்ட்டின் குரலும் கிட்டாரும் மாறிமாறிக் கேள்வி பதில் நடத்தும். அதற்குப் பின் எங்கே போகும் என்பது அந்த இரவுக்குத்தான் தெரியும். 1972இல் லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்கள் கேட்டபோது இந்தப் பாட்டுக்குள்ளேயே ‘தி க்ரஞ்ச்’ பாட்டின் ரிஃப்பும் ‘வால்டர்ஸ் வாக்’ ரிஃப்பும் வந்துபோயின. முன்னது ஆல்பத்தில் வந்தது 1973இல், பின்னது 1982இல். அடுத்த ஆண்டு வரப்போகும் பாட்டையும் பத்தாண்டு கழித்து வரப்போகும் பாட்டையும் ஒரே இரவில் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த வளர்ச்சியை அளக்க முடியாது. வரிசை வேண்டும்.

தேர்வுப் பட்டியல்

எட்டு இரவுகள் போதும் என்பது என் கணக்கு. 1972, 1973 இரண்டுக்கும் அதிகாரபூர்வ ஆல்பங்கள் இருப்பதால் அவற்றை விட்டுவிடலாம்.

முதல் இரவு, 1970 ஜனவரி 9, ராயல் ஆல்பர்ட் ஹால். அன்று பேஜுக்கு 26 வயது நிறைந்த நாள். படமாகப் பெரும்பகுதி டிவிடியில் வந்துவிட்டது. ஒலித்தட்டாக முழுக் கச்சேரியும் வர வேண்டும். அலங்காரம் ஏதுமில்லாத மேடையில் நால்வரும் கைக்கெட்டும் தூரத்தில் நின்று வாசிக்கிறார்கள். யாருடைய சைகைக்கு யார் திரும்புகிறார் என்பது காதுக்கே தெரியும்.

இரண்டாவது, 1970 செப்டம்பர் 4, லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம். ‘லைவ் ஆன் ப்ளூபெர்ரி ஹில்’ என்ற பெயரில் பூட்லெக்காக, அதாவது அனுமதியின்றி வெளியான பதிவாக, உலகம் சுற்றிய கச்சேரி இது. ராக் இசையின் ஆரம்பகால பூட்லெக்குகளில் ஒன்று. மூன்றாவது ஆல்பம் அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே ‘இம்மிக்ரன்ட் சாங்’, ‘சின்ஸ் ஐ’வ் பீன் லவிங் யூ’ இரண்டையும் இங்கே வாசித்தார்கள். ‘ப்ரான்-இ-ஆர்’ என்ற கிட்டார் துண்டு ஆல்பத்தில் வர இன்னும் ஐந்தாண்டு பாக்கி.

மூன்றாவது, 1971 மார்ச் 5, பெல்ஃபாஸ்ட் அல்ஸ்டர் ஹால். ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ முதன்முதலாக மக்கள் முன் வாசிக்கப்பட்ட இரவு. அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பம் நவம்பரில்தான் வெளிவந்தது. எந்தப் பாட்டைக் கேட்கிறோம் என்று தெரியாமல் ஒரு கூட்டம் அதைக் கேட்டது. அந்த நொடிக்கு ஈடாக எந்த ஸ்டூடியோ பதிவையும் சொல்ல மாட்டேன்.

நான்காவது, 1971 செப்டம்பர் 29, ஒசாகா. முதல் ஜப்பான் பயணத்தின் கடைசிக் கச்சேரி. இரண்டு நாள் முன்பு ஹிரோஷிமாவில் வாசித்து, வசூலை அணுகுண்டால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒசாகாவில் குழு இறுக்கம் தளர்ந்து, மனம் போன போக்கில் பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளையெல்லாம் இழுத்து வாசித்தது. மூன்றாவது ஆல்பத்தின் ‘ஃப்ரெண்ட்ஸ்’ மேடையேறியதாகப் பதிவு இருப்பது அன்று மட்டும்தான். அதே பாட்டைப் பேஜும் பிளான்ட்டும் 1972இல் பம்பாய்க்கு வந்து இந்திய இசைக் கலைஞர்களோடு பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு ‘கோடா’ ஆல்பத்தின் மறுபதிப்பில் 2015இல் வந்தது. பம்பாய்ப் பதிவு வெளிச்சத்துக்கு வந்துவிட்ட பிறகு, ஒசாகா மட்டும் ஏன் இருட்டில் இருக்க வேண்டும்?

தோற்ற இரவும் வேண்டும்

ஐந்தாவது தேர்வில்தான் பல ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். 1975 ஜனவரி, சிகாகோ. பயணம் தொடங்கும் முன் லண்டனில் ரயில் கதவில் சிக்கிப் பேஜின் இடதுகை மோதிர விரல் நசுங்கியது. தந்தியை அழுத்தும் கையில் நான்கு விரல் செய்யும் வேலையை மூன்றை வைத்துச் சமாளித்தார். பிளான்ட்டுக்குக் காய்ச்சல்; குரல் கட்டியிருந்தது. ‘டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு’ பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக முதல் ஆல்பத்தின் ‘ஹௌ மெனி மோர் டைம்ஸ்’ தூசி தட்டி எடுக்கப்பட்டது.

மோசமான கச்சேரியை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? பேஜின் கையும் பிளான்ட்டின் குரலும் கைவிட்ட அந்த இரவுகளில் குழுவைத் தாங்கிப் பிடித்தவர்கள் ஜோன்ஸும் பான்ஹமும் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. தாளம் தளரவில்லை. கிட்டார் தடுமாறும் இடத்தில் டிரம்ஸ் முந்திக்கொண்டு போகாமல் காத்திருக்கிறது. பிளான்ட்டின் குரலைப் பற்றியும் நேர்மையான கணக்கு கிடைக்கும். 1972இல் ‘ராக் அண்ட் ரோல்’ பாட்டில் அநாயாசமாகத் தொட்ட உச்சங்களை 1973 முதலே அவர் தவிர்த்தார். மெட்டைக் கீழே இறக்கி, வேறு வழியில் பாடக் கற்றுக்கொண்டார். இழந்த குரலுக்குப் பதிலாக ஒரு புதுப் பாணியை அவர் உண்டாக்கியதை நல்ல இரவுகளை மட்டும் கேட்டால் உணர முடியாது.

நான்கு மாதம் கழித்து அதே குழு எர்ல்ஸ் கோர்ட்டில் ஐந்து இரவுகள் வாசித்தது. ஆறாவது தேர்வாக அதில் மே 24. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நீண்ட கச்சேரி. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அக்கூஸ்டிக் பாட்டுகள், ஜோன்ஸ் கீபோர்டில் விரித்த ‘நோ குவார்ட்டர்’, ‘காஷ்மீர்’. சிகாகோவையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால் மீட்சி என்றால் என்ன என்று புரியும்.

ஏழாவது, 1977 ஜூன் 21, மீண்டும் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம். மைக் மில்லார்டு என்ற ரசிகர் நல்ல மைக்குகளோடு ஸ்டீரியோ கேசட் ரெக்கார்டரைச் சக்கர நாற்காலியில் ஒளித்து உள்ளே கொண்டுபோய்ப் பதிவு செய்தது. ‘லிசன் டு திஸ் எடி’ என்ற பெயரில் அது கைமாறிக்கொண்டே இருக்கிறது. பான்ஹமின் வலது காலைக் கேளுங்கள். ‘அகிலீஸ் லாஸ்ட் ஸ்டாண்ட்’ பத்து நிமிடமும் அந்த ஒற்றை பேஸ் டிரம் பெடல் குதிரைப் பாய்ச்சலில் போகிறது, ஓரிடத்திலும் நழுவவில்லை. ஐந்து வாரத்தில் பிளான்ட்டின் சிறு மகன் இறந்தான்; பயணம் நின்றது. அமெரிக்காவில் அவர்கள் நால்வராக மறுபடி மேடையேறவேயில்லை.

1979 நெப்வொர்த் கச்சேரிகளை விட்டுவிட்டேன். அவற்றின் முக்கியப் பகுதிகள் டிவிடியில் இருக்கின்றன. எட்டாவது இடம் 1980 ஜூலை 7, பெர்லின். கடைசிக் கச்சேரி. அந்த ஐரோப்பியப் பயணத்தில் நீண்ட டிரம்ஸ் சோலோ இல்லை, அக்கூஸ்டிக் பகுதி இல்லை. எல்லாவற்றையும் சுருக்கி, புதிதாகத் தொடங்கப் பார்த்தார்கள். முதல் பாட்டு ‘ட்ரெயின் கெப்ட் ஏ-ரோலின்’. 1968 ஆகஸ்டில் லண்டன் ஜெரார்டு தெருவில் ஒரு சிறிய அறையில் நால்வரும் முதன்முதலாகச் சேர்ந்து வாசித்ததும் அதே பாட்டுதான். 1980 செப்டம்பர் 25இல் பான்ஹம் இறந்தார். அவருக்கு 32 வயது. டிசம்பரில் குழுவைக் கலைத்தார்கள்.

தடை என்ன?

ஒலித்தரம் போதாது என்பது வழக்கமான பதில். ஒசாகாவும் 1970 ஃபோரமும் பெரும்பாலும் பார்வையாளர் பதிவுகளாகவே புழங்குவது உண்மை. ஆனால் ஒரே தடத்தில் கலந்துகிடக்கும் குரலையும் வாத்தியத்தையும் பிரித்தெடுக்கும் மென்பொருள் இப்போது இருக்கிறது. ஜான் லென்னனின் பழைய கேசட்டிலிருந்து குரலை மட்டும் எடுத்து, 2023இல் பீட்டில்ஸின் ‘நௌ அண்ட் தென்’ வந்ததே, அதே வழி. செப்பலினுக்கு அந்த அளவு கூடத் தேவையில்லை. இரைச்சலைக் கொஞ்சம் குறைத்து, வேகத்தைச் சரிசெய்தால் போதும். தவறான ஸ்வரத்தைத் திருத்த மட்டும் கூடாது.

பிறர் செய்து காட்டியும் இருக்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளையும் 2011இல் 73 சிடிகளாக வெளியிட்டது. டீப் பர்பிள் 1972 ஜப்பான் பயணத்தின் மூன்று இரவுகளை 1993இல் மூன்று சிடிகளாகத் தந்தது. கேட்டவர்கள் அதே இரவுகளிலிருந்து முன்பே தொகுத்த ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தை மட்டமாக நினைக்கவில்லை. அதன் அருமை கூடத்தான் செய்தது.

செப்பலினின் மேலாளர் பீட்டர் கிரான்ட் அரங்கில் ரெக்கார்டரைக் கண்டால் பிடுங்கி உடைத்தவர். பேஜ் 2007இல் கிளாஸ்கோ நீதிமன்றத்தில் பூட்லெக் வியாபாரிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். ரசிகர்கள் தங்களுக்குள் பதிவுகளை மாற்றிக்கொள்வதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, அதை வைத்து வியாபாரம் செய்வதுதான் தவறு என்பது அவர் நிலைப்பாடு. நியாயமான பேச்சு. அந்த வியாபாரத்தை ஒழிக்க ஒரே வழி, அசலை முறையாக வெளியிடுவதுதான்.

பேஜ் எண்பது வயதைக் கடந்துவிட்டார். பிளான்ட்டும் ஜோன்ஸும் அவரைவிடச் சில ஆண்டுகளே இளையவர்கள். எந்த நாடாவில் எந்த இரவு இருக்கிறது, எந்த இடத்தில் யார் யாரைப் பார்த்துத் தலையசைத்தார் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்று மூவரே. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிவைத்த குறிப்புகளோடு இந்த எட்டு இரவுகளும் வெளிவர வேண்டும். அவர்கள் காலத்திலேயே வர வேண்டும்.