காடு காத்த நம்பிக்கை, கருவைக் கலைத்த கணக்கு

ஹாங்காங்கின் வடகிழக்குக் கடலோரத்தில் லாய் சி வோ என்ற பழைய ஹக்கா கிராமம் இருக்கிறது. வீடுகளுக்குப் பின்னால், குன்றுச் சரிவில் அடர்ந்த காடு. ஊரின் முதுகுக்கு மலையும் மரமும், முகத்துக்கு வயலும் நீரும் வேண்டும் என்பது சீன மனை பார்க்கும் மரபான ஃபெங் சுய்யின் விதி. அந்தக் காட்டில் கைவைத்தால் ஊரின் நல்வாழ்வே குலையும் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாகக் கோடரியைத் தடுத்தது. இத்தகைய காடுகள் ஹாங்காங்கில் நூற்றுக்கும் மேல் உள்ளன. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் சுற்றியிருந்த குன்றுகள் விறகுக்காக மொட்டையடிக்கப்பட்டபோதும் இவற்றில் பல தப்பின. கற்பூர மரமும் அகிலும் வளரும் இந்தத் துண்டு நிலங்கள்தான், அப்பகுதியின் பழைய காடு எப்படி இருந்திருக்கும் என்பதைத் தாவரவியலாளர்களுக்கு இன்று காட்டுகின்றன.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமில்லை. மரம் நிறைந்த சரிவு மழையில் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது, புயற்காற்றின் வேகத்தைத் தணிக்கிறது. ‘சீ’ என்னும் உயிராற்றல் காற்றில் சிதறும், நீரருகே தங்கும் என்கிறது குவோ பு (276–324) எழுதியதாகச் சொல்லப்படும் அடக்க நூல். அந்த ஆற்றலை எந்தக் கருவியும் அளந்ததில்லை. என்றாலும், வடக்கின் குளிர்காற்றுக்கு மறைந்து தெற்கு வெயிலைப் பார்த்து வீடு கட்டச் சொல்வது சீனத் தட்பவெப்பத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது.

கிராமத்துச் சரிவை விட்டு நகரத்துக்கு வந்ததும் விதி வலுவிழக்கிறது. ஹாங்காங் நகரில் 1990இல் திறந்த பாங்க் ஆஃப் சைனா கோபுரத்தின் கூர்விளிம்புகள் அண்டைக் கட்டடங்களைக் கத்திபோலக் குறிவைப்பதாகப் புகார் எழுந்தது. எச்எஸ்பிசி வங்கித் தலைமையகக் கூரையின் பராமரிப்புக் கிரேன்கள், அதற்குப் பதிலடியாக நிறுத்திய பீரங்கிகள் என்று ஊரில் பேச்சு. இங்கே மண்ணரிப்பும் இல்லை, குளிர்காற்றும் இல்லை. உருவ ஒற்றுமையில் முளைத்த பயம் மட்டுமே உண்டு.

பயம் கட்டடத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 12 விலங்குகளும் ஐந்து பூதங்களும் சேர்ந்து சுழலும் 60 ஆண்டுச் சக்கரம் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது. அதில் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்பது ஜப்பானிய நம்பிக்கை. 1965இல் ஜப்பானில் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை ஆண்டான 1966இல் அது 13.6 லட்சமாகச் சரிந்தது. அடுத்த ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது. அந்த ஓராண்டில் கருத்தடையோடு, பிறப்புகளோடு ஒப்பிட்ட கருக்கலைப்பு விகிதமும் கூடியது. புல்லட் ரயில் ஓடத் தொடங்கிவிட்ட, எழுத்தறிவு மிகுந்த நாடு அது! சோதிடத்தைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என்பவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கணக்கின் ஓட்டை 7ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. தாங் பேரரசர் தாய்சோங்கின் ஆணைப்படி சோதிட, நிமித்த நூல்களைச் சீர்செய்த லூ சாய், சாங்பிங் போரை எடுத்துக்காட்டினார். கி.மு. 260இல் அங்கே மாண்டவர்கள் நான்கு லட்சம் பேர் என்பது மரபுவழிச் செய்தி. அத்தனை பேரின் பிறப்புக் கணிப்பிலும் ஒரே கேடா எழுதியிருந்தது?

பௌத்தம் லூ சாயின் பக்கம் நின்றிருக்க வேண்டும். தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜாலம், மனை பார்ப்பதையும் கிரகண பலன் சொல்வதையும் திருமணத்துக்கு நாள் குறிப்பதையும் துறவிக்கு ஆகாத இழிந்த பிழைப்புகள் என்று பட்டியலிடுகிறது. ஆனால் வரலாறு வேறு வழியில் நடந்தது. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனா சென்ற வஜ்ரபோதியின் மாணவர் அமோகவஜ்ரர், 759இல் இந்திய நட்சத்திரங்களையும் கோள்களையும் நாள் பார்க்கும் முறையையும் சீன மொழிக்குக் கொண்டுவந்தார். துன்ஹுவாங்கின் பௌத்தக் குகையில் 868இல் அச்சான வஜ்ர சூத்திரம் கிடைத்தது. 12 விலங்குகளும் மனைப் படங்களும் கொண்ட 877ஆம் ஆண்டுப் பஞ்சாங்கமும் அங்கேதான் கிடைத்தது.

இந்தச் சமரசம் பௌத்தத்தைச் சீன வீடுகளுக்குள் சேர்க்க உதவியிருக்கும். அதற்குக் கொடுத்த விலை பெரிது. பிறப்பு அல்ல, செயலே ஒருவரை உயர்த்தும், தாழ்த்தும் என்று போதித்த நெறி அது. பிறந்த ஆண்டைச் சொல்லி ஒரு பெண்ணை ஒதுக்கும் கணக்கை மறுக்க அதைவிட உறுதியான பிடிமானம் வேறு வேண்டியதில்லை. 2026 மீண்டும் நெருப்புக் குதிரை ஆண்டு. பெற்றோராகப் போகிறவர்களிடம் இதை உரத்துச் சொல்லும் தகுதியும் கடமையும் ஜப்பானிய பௌத்த மடங்களுக்கு உண்டு.