செம்மரச் சாறும் 96 குழித் தட்டும்

திருப்பதியை ஒட்டி இருக்கிறது சேஷாசலக் காடு. அங்கு விளையும் செம்மரத்தைக் கடத்தல் செய்திகளில்தான் நமக்குத் தெரியும். ஆய்விதழ்களில் அதற்கு வேறொரு முகம்: அதன் சாறு புற்றுநோய்ச் செல்களைக் கொல்கிறது என்கிறார்கள். எப்படிக் கொன்றது என்று பார்த்தால்தான் அந்தப் பேச்சின் எடை தெரியும்.

96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழிக்குச் சில ஆயிரம் செல்கள். பல ஆய்வுகளில் இவை ஹீலா செல்கள். 1951இல் ஓர் அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு இன்றுவரை வளர்க்கப்படுபவை. சாற்றை ஊற்றி, ஒன்றிரண்டு நாள் கழித்து எம்டிடி என்னும் மஞ்சள் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல் செத்ததாகக் கணக்கு. செம்மரமோ தானே சாயமரம். நிறத்தை அளக்கும் சோதனையில் நிறமுள்ள சாறு குழப்பும். செல் இல்லாத குழியிலும் சாற்றை ஊற்றி ஒப்பிட்டார்களா? நல்ல செல்களுக்கு என்ன ஆயிற்று? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத கட்டுரையை அதற்குமேல் நான் படிப்பதில்லை.

இன்னொரு சிக்கல் அடிப்படையானது. ஆயுர்வேத வைத்தியர் செம்மரக் கட்டையைக் கல்லில் இழைத்து வீக்கத்துக்குப் பற்றுப் போடுவார். ஆய்வகத்தில் பலரும் சோதிப்பது மெத்தனாலில் இறக்கிய சாறு. இதில் கிடைத்த வெற்றியை ஆயுர்வேதத்தின் கணக்கில் எழுதுவது எந்த நியாயம்?

மஞ்சளின் கதை எச்சரிக்கை. மஞ்சளில் உள்ள குர்குமினை நாளுக்கு 8 கிராம் விழுங்கியவர்களின் இரத்தத்தில்கூட, தட்டில் செல்லைக் கொல்ல ஊற்றும் அளவு பெரும்பாலும் சேரவில்லை. குர்குமினை முன்னிறுத்திய டெக்சாஸ் விஞ்ஞானி பரத் அகர்வாலின் கட்டுரைகள் பல, படங்கள் பற்றிய ஐயங்களால் திரும்பப் பெறப்பட்டன.

செடியிலிருந்து மருந்தே வராதா என்றால், வந்திருக்கிறது. நம் சுடுகாட்டோரம் பூக்கும் நித்தியகல்யாணியை 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் சர்க்கரை நோய்க்கான நாட்டு மருந்து என்றுதான் சோதித்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள் சரிந்தன. மரபு சொன்னதை விட்டுவிட்டு, கண்ணில் பட்டதைத் துரத்தினார்கள். அப்படிக் கிடைத்த புற்றுநோய் மருந்துதான் வின்பிளாஸ்டின். அதே செடி தந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஏறுகிறது. ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். கஷாயம் வைத்துக் குடிப்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ஆகவே, செம்மர ஆய்வு வேதியியலாக மதிப்புள்ளது. சிகிச்சை என்று சொல்ல அதற்குத் தகுதி வரவில்லை. அடுத்த படி இன்னொரு தட்டு அல்ல. தூய்மைப்படுத்திய ஒரே மூலக்கூறு, விலங்குச் சோதனை, பிறகு மனிதரிடம் ஒப்பீட்டுச் சோதனை என்று போக வேண்டும். தேவஸ்தானத்தின் ஆயுர்வேதக் கல்லூரியும், டாடா டிரஸ்ட்ஸ் அமைத்த புற்றுநோய் மருத்துவமனையும் ஒரே திருப்பதியில் இருக்கின்றன. சேர்ந்து உட்கார்ந்தால் இது நடக்கக்கூடிய வேலைதான்.

அதுவரை, கீமோ எடுத்துக்கொண்டே சூரணமோ லேகியமோ சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளின் வேகத்தையே மாற்றிவிடும்.